அவள் போகும் இடம்

லிஃப்ட் மெக்கானிக் வகுப்பறைக்குள் நுழைந்தபோது, ஏதோ பழுதுபார்க்க வந்திருக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆசிரியையே, "லிஃப்ட் அந்தப் பக்கம் சார், படிக்கட்டுக்குப் பின்னாடி" என்று கை காட்டினாள். வேலையிலிருந்து நேராக வந்ததில் கம்பெனிச் சட்டையைக்கூட அவர் மாற்றியிருக்கவில்லை. முழங்கையில் கிரீஸ் கறை.

"இல்லங்க, நான் படிக்க வந்திருக்கேன்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆசிரியை அவசரமாக மன்னிப்புக் கேட்டு, ஜன்னலோர நாற்காலியைக் காட்டினாள்.

உலகத்து மதங்களைப் பற்றிக் கல்லூரி நடத்தும் மாலை வகுப்பு அது. முதலில் இந்து மதம், பிறகு மற்றவை. வந்திருந்தவர்கள் பெரும்பாலும் இளவட்டங்கள், பட்டத்துக்கு ஒரு பாடம் குறைகிறதென்று சேர்ந்தவர்கள். ஏன் இந்தப் பாடத்தை எடுத்தீர்கள் என்று ஆசிரியை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். அவர் முறை வந்ததும் எழுந்து நின்றார்.

"எங்க வீட்டுல அவங்க இந்து மதம். நான் வேற. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒண்ணும் கேட்டு வச்சுக்கல."

அதற்கு மேல் சொல்லவில்லை. மனைவியின் நுரையீரல் உலர்ந்த பஞ்சுபோல் இறுகிக்கொண்டே வருகிறது என்பதையும், இனி மருந்து மாற்றிப் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதையும் இருபது வயதுப் பிள்ளைகள் மத்தியில் எப்படிச் சொல்வது?

டாக்டர் அப்படிச் சொன்ன வாரம் அவர் தன் சபைப் போதகரிடம் போயிருந்தார். நல்ல மனிதர். இவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும், "அவங்க மட்டும் இப்பவாவது மனசு மாறி நம்ம வழிக்கு வந்துட்டா…" என்று இழுத்தார். இவர் எழுந்து வந்துவிட்டார். செத்தவர்கள் ஒருநாள் எழுந்திருப்பார்கள், அம்மாவை மறுபடி பார்க்கலாம் என்று சிறு வயதிலிருந்து நம்பி வளர்ந்தவர் அவர். அந்தக் கூட்டத்தில் மனைவி இருக்கமாட்டாள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அப்படியானால் அவள் எங்கே போவாள்? அவளுடைய சாமிகள் அவளை எங்கே கூட்டிக்கொண்டு போகும்? யாரிடம் கேட்பதென்று தெரியாமல்தான் கல்லூரிப் படியேறினார்.

முதல் நாள் ஆசிரியை நிதானமாகவே சொன்னாள். இந்த மதத்துக்கு ஒரு நிறுவனர் இல்லை, ஒரே புத்தகம் இல்லை. காதால் கேட்டுக் கேட்டுக் காப்பாற்றிய வேதங்கள் உண்டு; அவற்றின் முடிவில் நின்று கேள்வி கேட்கும் உபநிடதங்கள் உண்டு; பெரிய கதைகள் உண்டு. ஒரே பரம்பொருள் என்பார்கள். அதையே ஆயிரம் உருவத்தில் கும்பிடுவார்கள். உடம்பு அழியும், ஆன்மா அழியாது. செய்த வினைக்கேற்ப மறுபடி மறுபடி பிறக்கும். அந்தச் சுழலிலிருந்து விடுபடுவதுதான் மோட்சம்.

அவர் கையைத் தூக்கினார். "மறுபடி பொறக்கறவங்களுக்குப் பழசு ஞாபகம் இருக்குமா?"

"பொதுவா இருக்காதுன்னுதான் சொல்றாங்க சார்."

"நல்லதுதான்" என்றாள் பக்கத்தில் இருந்த பெண். "இல்லன்னா எழுதின பரீட்சையெல்லாம் ஞாபகம் வந்து தொலைக்கும்." வகுப்பே சிரித்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார்; வாய் கோணியதோடு சரி.

வீட்டில், மனைவியின் கட்டில் இப்போது முன்னறையில் இருந்தது. உள்ளறையில் காற்று வராது. கட்டிலுக்கு ஒரு பக்கம் அவளுடைய தையல் மெஷின், இன்னொரு பக்கம் மூச்சுக்கு உதவும் மெஷின். இரண்டும் ஒரே பிளக்கில் ஓடாது என்பதால் தையல் மெஷினின் வயரைச் சுருட்டி வைத்திருந்தார். சுவரில் சின்ன சாமிப் பலகை: ஒரு படம், ஒரு விளக்கு, நாலு பூ. சாயங்காலமானால் அவள் எழுந்துபோய் விளக்கேற்றுவாள். எழ முடியாத நாளில் அவர் ஏற்றுவார். அவள் படுத்தபடியே, "திரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்க, புகையுது" என்பாள்.

வகுப்புக்குப் போவதை ஓவர்டைம் என்று சொல்லி வைத்திருந்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது. அடுத்த வாரமே மாட்டிக்கொண்டார். கஞ்சியை ஸ்பூனால் கொடுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "உனக்கு மோட்சம் வேணுமா?" என்று கேட்டார்.

அவள் ஸ்பூனைத் தள்ளிவிட்டு அவரைப் பார்த்தாள். "எனக்கு இன்னொரு தலையணை வேணும். இது என்னங்க புதுசா?"

அவர் உண்மையைச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "லிஃப்ட்காரர் மேல போற வழியை விசாரிக்கிறாராக்கும்" என்றாள்.

அதன் பிறகு ஒளிக்க ஒன்றுமில்லை. வகுப்பு முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னிக்கு என்ன பாடம்?" என்று கேட்பாள். அவர் கட்டிலோரம் உட்கார்ந்து சொல்வார். அவளுக்கு இதில் பாதி தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் விளக்கும், அம்மா சொல்லிக்கொடுத்த ரெண்டு பாட்டும், அவருக்கு ஆபத்து வராமல் இருக்கவேண்டும் என்று அவ்வப்போது பட்டினி கிடப்பதும்தான். லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்யும் மனிதருக்காக அவள் கிடந்த பட்டினிகளை அவர் சாப்பாடு பிடிக்கவில்லை என்று நினைத்துக் கோபித்ததும் உண்டு.

கடவுளை அடைய அறிவு, செயல், பக்தி என்று வழிகள் இருப்பதாக அவர் சொன்னபோது, "அதுல ஜாக்கெட் தைக்கிற வழி எது?" என்று கேட்டாள்.

"பலனை எதிர்பார்க்காம செய்யறது செயல் வழி."

"அப்போ எனக்கு எப்பவோ கதவு திறந்திருக்கணும். மேல்வீட்டுக்காரிக்குத் தைச்சுக் கொடுத்ததுல என்னிக்கு நான் பலனைக் கண்டேன்?"

நோய் வந்த பிறகு அந்த வீட்டில் இவ்வளவு பேச்சு நடந்தது அந்த நாட்களில்தான். பஸ்ஸில் வரும்போதே எதை எப்படிச் சொல்லலாம் என்று அவர் மனதுக்குள் ஒத்திகை பார்ப்பார்.

கர்மா பாடத்தையும் அந்த உற்சாகத்திலேயே சொல்லிவிட்டார். விதைத்ததைத்தான் அறுப்போம், இந்தப் பிறவியில் வருவதற்குப் போன பிறவியில் காரணம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனவர், அவள் ஒன்றும் கேட்காமல் இருப்பதைத் தாமதமாகத்தான் கவனித்தார்.

"அப்போ நான் யார் மூச்சை நெரிச்சேன்?" என்றாள்.

"அப்படி இல்லம்மா—"

"ஏதோ பண்ணியிருக்கணும் இல்ல? சும்மாவா இப்படி வரும்? குழந்தையும் தங்கல." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோளைத் தொட்டபோது கையைத் தட்டிவிடவில்லை, திரும்பவும் இல்லை.

அடுத்த வகுப்புக்கு அவர் முன்னாலேயே போய், காலி அறையில் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆசிரியையிடம் கொதித்துப் பேசினார். "நீங்க சொன்னதை அப்படியே கொண்டுபோய் அவகிட்டக் கொட்டிட்டேன். அவ சாப்பிடவே மாட்டேங்கறா. சாகப்போறவகிட்டப் போய் இதைச் சொல்லலாமா?"

ஆசிரியைக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. டஸ்டரை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "சார், இதுல எல்லாரும் ஒரே மாதிரி சொல்லல. வினைதான் காரணம்னு சொன்னவங்க உண்டு. பக்தி வந்துட்டா வினையெல்லாம் வெந்துபோகும்னு சொன்னவங்க உண்டு. துன்பப்படறவங்களைப் பார்த்து, உன் வினைன்னு சொல்றதே பாவம்னு கோபப்பட்டவங்களும் உண்டு."

"பரீட்சைன்னா எதை எழுதணும்?"

"எல்லாத்தையும் எழுதணும்."

"அவகிட்ட எதைச் சொல்லணும்?"

ஆசிரியை டஸ்டரை மறுபடி கையில் எடுத்தாள். மாணவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வர ஆரம்பித்தார்கள்.

அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து, பக்தியில் வினை வெந்துபோகும் என்ற ஒன்றை மட்டும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க அண்ணனுக்கு ஃபோன் பண்ணுங்க" என்றாள்.

இவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த அண்ணன் அவளோடு பேசவில்லை. வேறு மதத்துக்காரனோடு போனவள் எனக்குத் தங்கையே இல்லை என்று சொன்னவர். அம்மா இறந்ததைக்கூட யாரோ சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள். மெக்கானிக் ஃபோன் செய்தார். யார் பேசுவது என்று முதலில் சொன்னார். "அவளுக்கு முடியல. பார்க்கணும்னு சொல்றா" என்றார். லைன் அறுந்துவிட்டது. அதை அவளிடம் சொல்லாமல், "வர்றேன்னு சொன்னார்" என்றார். இந்த ஒரு பொய் மட்டும் அவருக்குச் சரளமாக வந்தது.

மோட்சம் என்றால் உண்மையில் என்ன என்று அவள் ஒரு மத்தியானம் கேட்டாள். மெஷினிலிருந்து குழாய் மூக்குக்குப் போயிருந்ததால் குரல் சன்னமாக இருந்தது. கடலில் விழுந்த துளி கடலாகிவிடுவதுபோல், பிரிந்து நின்ற ஆன்மா பரம்பொருளில் கலந்துவிடும் என்று ஒரு சாரார் சொல்வதை அவர் சொன்னார்.

"அது வேண்டாம்" என்றாள் உடனே. "கலந்துட்டா அப்புறம் என்னை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

அவர் மூக்குக் குழாயை நேராக்கினார். "பொறந்தா மட்டும் எப்படிம்மா?"

"ஆமா இல்ல. உங்களுக்கு ஒரே பிறவிதான்." அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். "நீங்க எழுந்து வந்து கும்பல்ல என்னைத் தேடுவீங்க. நான் எங்கேயோ ரெட்டைப் பின்னல் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போய்க்கிட்டிருப்பேன்."

அந்த வருத்தத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் அவள் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அவள் அவர் தலைமுடியைக் கோதி, "முடி வெட்டிக்கோங்க" என்றாள்.

அன்றைக்குத்தான் அவர், "கடைசிக் காரியத்தை நானே பண்றேன்" என்று சொன்னார். "மந்திரம் உங்க வாயில நுழையாது" என்று மட்டும் சொன்னாள்.

நுழைய வைத்தார். ஆசிரியை தனக்குத் தெரிந்த ஒரு புரோகிதரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். புரோகிதர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு இதுல நம்பிக்கை இருக்கா?"

"அவளுக்கு இருக்கு."

புரோகிதர் சொல்ல வேண்டியதைப் பதம் பதமாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். மெக்கானிக் லிஃப்ட் குழிகளுக்குள் நின்றுகொண்டு, கேபிளைச் சரிபார்த்தபடியே உருப்போட்டார். மேலிருந்து டார்ச் அடிக்கும் கூட்டாளி, "என்னண்ணே, லிஃப்டுக்கு மந்திரிக்கிறீங்களா?" என்று கேட்டான். "ஆமாடா, ஜாம் ஆகாம இருக்க" என்றார்.

அண்ணன் வந்தேவிட்டார். யாரும் எதிர்பார்க்காத ஒரு காலையில் கதவைத் தட்டினார். தலை முழுக்க நரைத்த, குனிந்த மனிதர். கையில் ஒரு பை. உள்ளே வந்தவர் கட்டிலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"அண்ணா… இளைச்சுட்டியே."

"குட்டி" என்றார் அவர். பையைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் தங்கை காலைப் பிடிக்கக்கூடாது என்று அவள் காலை இழுக்கப் பார்த்தாள். அதற்கும் தெம்பு இல்லை. மெக்கானிக் சமையலறைக்குப் போய், தேவையில்லாமல் தண்ணீர் கொதிக்க வைத்தார்.

மறுநாள் மத்தியானம் இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கும்போதே அவள் மூச்சு நின்றது. மெஷின் மட்டும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தும் பட்டன் எதுவென்று மெக்கானிக்குக்கு நினைவே வரவில்லை. கடைசியில் வயரைப் பிடுங்கினார்.

மின்மயானத்தில் கூட்டம் அதிகமில்லை. அவருடன் வேலை செய்பவர்கள் வந்திருந்தார்கள். மேல்வீட்டுக்காரி வந்து, எல்லோரையும்விட அதிகமாக அழுதாள். ஆசிரியை ஒதுங்கி நின்றாள். புரோகிதர் பொருள்களை எடுத்து வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடப் போன சமயத்தில், அண்ணன் மெக்கானிக்கின் கையைப் பிடித்துச் சுவரோரமாக அழைத்துப் போனார்.

"மாப்பிள்ளை."

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையால் அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

"நீங்க கத்துக்கிட்டு வந்திருக்கீங்கன்னு ஐயர் சொன்னார். உங்களுக்குத்தான் உரிமை, இல்லைன்னு சொல்லல. ஆனா நான் அவளுக்கு ஒண்ணுமே பண்ணல மாப்பிள்ளை. ஒரு வாய் சோறு போட்டதில்ல. எங்க அம்மா கடைசியா அவ பேரைத்தான் சொன்னாங்க, அப்பக்கூட நான் கூப்பிட்டு அனுப்பல. இதையும் பண்ணலைன்னா நான் எதுக்கு அண்ணன்னு இருந்தேன்?" மேல்துண்டை வாயில் அழுத்திக்கொண்டார். "இதை எனக்கு விடுங்க."

மெக்கானிக் புரோகிதரைப் பார்த்தார். தரையில் கிடத்தியிருந்த அவளைப் பார்த்தார். சொல்லவேண்டிய சொற்கள் நுனிநாக்கில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. தனக்கு அவளோடு வாழ்ந்த வருஷங்கள் இருக்கின்றன, இந்த மனிதருக்கு இருப்பது இன்றைக்கு ஒரு நாள்தான் என்று தோன்றியது.

"பண்ணுங்க மச்சான்" என்றார்.

புரோகிதர் கோத்திரம் கேட்டார். அண்ணன் தங்கள் குடும்பத்துடையதைச் சொன்னார். "கல்யாணமான பொண்ணுக்குப் புருஷன் வழிதான் சொல்லணும்" என்று புரோகிதர் மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அப்படி ஒன்று இல்லை. "பரவாயில்ல, தெரியாதவங்களுக்குன்னு பொதுவா ஒண்ணு இருக்கு" என்று புரோகிதரே ஒரு பெயரைச் சொல்லித் தொடங்கினார். தன்னைக் கட்டிக்கொண்டதால் இந்தக் கடைசி இடத்திலும் அவள் இரவல் பெயரோடு போகிறாளே என்று மெக்கானிக் நினைத்தார்.

அண்ணன் புரோகிதரைப் பின்பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். அழுகையில் ஒரு சொல்லை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனார். புரோகிதர் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் விட்டுவிட்டார். அந்தச் சொல் மெக்கானிக்கின் உதடுவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு உலைக்குப் போகும் தண்டவாளத்தில் அவளை உள்ளே தள்ளினார்கள். இரும்புக் கதவு மேலே ஏறியபோது உருளை கிறீச்சிட்டது. எண்ணெய் போட்டு நாளாகியிருக்கிறது என்று அந்த நேரத்திலும் அவர் காது சொன்னது. கதவு இறங்கியது.

சாம்பலைக் கரைத்துவிட்டு அண்ணன் ஊருக்குப் புறப்பட்டார். வீடு காலியான பிறகுதான் மெக்கானிக்குக்கு ஆற்றாமை பொங்கியது. ஏன் விட்டுக்கொடுத்தோம்? அவளிடம் சொன்ன வார்த்தை என்ன ஆயிற்று? விடுபட்ட அந்தச் சொல்லால் அவள் வழியில் எங்காவது நின்றுவிட்டால்? இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவர்தான் அவர்; ஆனாலும் அந்தக் கவலை வந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சொல்லைப் பலமுறை சத்தமாகச் சொன்னார்.

வகுப்பை விட்டுவிடலாமென்றுதான் இருந்தார். வீட்டில் அந்த நேரத்தைத் தள்ள முடியாமல்தான் மறுபடி போனார். இந்து மதம் முடிந்து அடுத்த மதம் தொடங்கியிருந்தது. அவருடைய மதம். அவர் உள்ளே வருவதைக் கண்டு ஆசிரியை ஒரு கணம் தயங்கிவிட்டுத் தொடர்ந்தாள். மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்பது இவர்களுடைய நம்பிக்கை என்றாள். இவர்களுடைய என்ற சொல்லை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தாய்ப்பாலோடு குடித்த விஷயம், பலகையில் எழுதிப் பார்த்தபோது யாரோ வெளியூர்க்காரர்களின் நம்பிக்கைபோல் தெரிந்தது. பக்கத்துப் பெண் கையைத் தூக்கினாள்.

"அங்கே மத்த மதத்துக்காரங்க இருப்பாங்களா மேடம்?"

அவளுக்கு இவர் கதை ஒன்றும் தெரியாது. சும்மா கேட்டாள். ஆசிரியை அவரைப் பார்க்காமல் பதில் சொன்னாள்: "இதுலயும் ஒரே பதில் இல்லம்மா. இல்லன்னு சொல்றவங்க உண்டு. கடவுள் யாரையும் வெளியே நிறுத்த மாட்டாருன்னு சொல்றவங்களும் உண்டு."

அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை சபையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. அண்ணன்.

"சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?"

"ஆச்சு மச்சான். நீங்க?"

"ம்." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "நீங்கதான் இதெல்லாம் படிச்சீங்களே. அவ இப்போ எங்க இருப்பா?"

வகுப்பில் கேட்டதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. கடல், துளி, ஆயிரம் உருவங்கள், ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாத பெரியவர்கள். அதில் எதுவும் வாய்க்கு வரவில்லை.

"எங்கேயாவது பொறந்திருப்பா மச்சான்" என்றார். "அதுதான் அவளுக்குப் புடிச்சிருந்தது."

"நல்ல வீடா இருக்கணும்."

"இருக்கும்."

"மூச்சுக்குக் கஷ்டமில்லாம."

"ம்."

அந்தப் பக்கம் அண்ணன் அழுவது கேட்டது. மெக்கானிக் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல், கழற்றிய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, காலியான கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.